வெறுங்காற்றில் விளையும் மேக விதை

மழைக்கு நீராவி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நீராவி மட்டும் இருந்தால் மேகம் திரளாது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. துகள் ஏதும் இல்லாத தூய காற்றில் ஒப்பு ஈரப்பதம் 100 சதவீதத்தைத் தாண்டி 200, 300 என்று ஏறினாலும் நீர்த்திவலை பிறக்காது. நீர் மூலக்கூறுகள் முட்டிச் சேரும், சேர்ந்த வேகத்திலேயே பிரிந்தும் போய்விடும். அவை வந்து ஒட்டிக்கொள்ள ஏற்கெனவே ஒரு பரப்பு இருக்க வேண்டும். உண்மையான மேகங்களில் ஈரப்பதம் 101 சதவீதத்தைத் தொடுவதே அரிது. அந்தச் சிறு மிகையிலேயே மேகம் திரண்டுவிடுகிறது என்றால், காற்றில் முன்கூட்டியே மிதந்துகொண்டிருக்கும் நுண்துகள்கள்தாம் காரணம். ஒவ்வொரு மேகத் திவலைக்குள்ளும் அப்படி ஒரு விதை இருக்கிறது.

அந்த விதைகள் எங்கிருந்து வருகின்றன? கடல் அலை தெறிக்கும் உப்பு, பாலைவன மணல் தூசு, காட்டுத் தீயின் புகை, வாகனக் கரி என்று பட்டியல் போடலாம். இவையெல்லாம் துகளாகவே பிறந்து காற்றில் ஏறியவை. ஆனால் உலக அளவில் மேக விதைகளில் ஏறத்தாழ பாதி இப்படி வந்தவை அல்ல என்று கணிப்பு மாதிரிகள் காட்டுகின்றன. அவை காற்றுக்குள்ளேயே, கண்ணுக்குத் தெரியாத வாயு மூலக்கூறுகள் கூடிப் பிறந்தவை. நேற்று வரை வாயுவாக இருந்தது இன்று திடமாகவோ திரவமாகவோ ஒரு பொட்டு ஆகிவிடுகிறது. வளிமண்டல அறிவியலில் இதைவிட அடிப்படையான நிகழ்வுகள் அதிகம் இல்லை. ஆனாலும் இதன் தொடக்கத்தை நேரடியாகப் பார்க்க மனிதருக்கு 2010-களை எட்ட வேண்டியிருந்தது.

பொடித் துகள் இல்லாமல் மூடுபனி உண்டாகாது என்பதை முதலில் காட்டியவர் பிரான்சைச் சேர்ந்த கூலியே. ஆண்டு 1875. அவரது ஆய்வைப் பற்றித் தெரியாமலே ஸ்காட்லாந்தின் ஜான் ஐட்கென் 1880-ல் அதே முடிவுக்கு வந்தார். ஐட்கென் அதோடு நிற்கவில்லை. காற்றில் எத்தனை துகள்கள் இருக்கின்றன என்று எண்ணுவதற்கு ஒரு கருவி செய்தார். ஈரமான காற்றைச் சட்டென்று விரியவிட்டால் அது குளிரும், ஒவ்வொரு துகளின் மேலும் நீர் படிந்து திவலையாகும். கட்டம் போட்ட தட்டில் விழும் திவலைகளைப் பூதக்கண்ணாடி வைத்து எண்ணினால் துகள் கணக்கு கிடைத்துவிடும். கண்ணால் காண முடியாததை, அதன் மேல் தண்ணீரைப் பூசிக் காண வைக்கும் தந்திரம் இது. இன்றைய கருவிகளும் இதையேதான் செய்கின்றன. தண்ணீருக்குப் பதில் பியூட்டனால் ஆவி, மனிதக் கண்ணுக்குப் பதில் லேசர், அவ்வளவுதான் வேறுபாடு. வெயில் பட்டால் காற்றில் புதிதாகத் துகள்கள் கூடுகின்றன என்பதையும் ஐட்கென் கவனித்து எழுதி வைத்தார். அதன் காரணம் விளங்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

மேகத்தை ஆய்வுக்கூடத்துக்குள் உண்டாக்கிப் பார்க்க விரும்பிய இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் சி.டி.ஆர். வில்சன். 1894 செப்டம்பரில் பென் நெவிஸ் மலையுச்சி வானிலை நிலையத்தில் சில நாள் தங்கி, மேகத்தில் வெயில் விளையாடும் ஒளி வளையங்களைப் பார்த்து மயங்கியவர். அதைக் கேம்பிரிட்ஜில் செய்துபார்க்க முயன்றபோது, துகளே இல்லாத காற்றிலும் மின்னேற்றம் பெற்ற அயனிகளின் மேல் திவலை உண்டாவதைக் கண்டார். அப்படிப் பிறந்த முகில் அறை அணு இயற்பியலின் முதன்மைக் கருவியாகி, 1927-ல் அவருக்கு நோபல் பரிசையும் தந்தது. மேகத்தைத் தேடிப் போன கருவியை அணு இயற்பியல் எடுத்துக்கொண்டது. மேகம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனி பின்லாந்துக்குப் போவோம். ஹெல்சிங்கிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வடக்கே ஹூட்டியாலா என்ற இடம். 1962-ல் விதைக்கப்பட்ட ஸ்காட்ஸ் பைன் மரங்கள் இன்று காடாக நிற்கின்றன. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் வனவியல் களநிலையம் அங்கே நெடுங்காலமாக இருந்தது. பெர்ட்டி ஹரி என்ற வனவியலாளரும் மார்க்கு குல்மாலா என்ற இயற்பியலாளரும் கைகோத்து, 1990-களின் நடுவில் அந்தக் காட்டுக்குள் ஓர் அளவீட்டு நிலையத்தை எழுப்பினார்கள். ஹரிக்கு மரம் மூச்சுவிடுவதை அளக்க வேண்டும். குல்மாலாவோ வாயு மூலக்கூறுகள் துகளாகும் விதத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் கோட்பாட்டு ஆய்வில் தொடங்கியவர், அவருக்குக் காற்றை அளக்க வேண்டும். மரத்தையும் காற்றையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், நிறுத்தாமல் அளப்பது என்று இருவரும் முடிவு செய்தார்கள். இந்த முடிவுதான் எல்லாவற்றையும் சாதித்தது என்று நான் நினைக்கிறேன்.

1996 ஜனவரியில் துகள்களின் அளவுவாரிக் கணக்கெடுப்பு அங்கே தொடங்கியது. இன்றுவரை ஓடுகிறது. உலகிலேயே இவ்வகையில் மிக நீண்ட தொடர்பதிவு அதுதான். விரைவிலேயே ஒரு விசித்திரம் தெரிந்தது. தெளிவான வெயில் நாட்களில், காலை ஏறும் நேரத்தில், கருவி காணக்கூடிய மிகச்சிறிய அளவான 3 நானோமீட்டரில் துகள்கள் திடீரென ஆயிரக்கணக்கில் தோன்றின. மணிக்கு ஓரிரு நானோமீட்டர் என்ற வேகத்தில் மாலைவரை வளர்ந்தன. நேரத்தைக் கிடைமட்டத்திலும் அளவைச் செங்குத்திலும் வைத்து வரைந்தால் படம் வளைந்து மேலேறும். ஆய்வாளர்கள் அதை ‘வாழைப்பழம்’ என்றே அழைக்கிறார்கள். நான்கில் ஒரு நாள் என்ற கணக்கில் ஹூட்டியாலாவில் இது நடக்கிறது, வசந்தகாலத்தில் மிக அதிகம். ஊர் இல்லை, ஆலை இல்லை, புகை இல்லை. நடுக்காட்டில் காற்றே துகள் ஈனுகிறது.

இந்த அளவுகளை மனத்தில் பிடிப்பது கடினம். ஒரு நானோமீட்டரைக் கடுகு அளவுக்குப் பெருக்கினால், நம் தலைமுடி ஒன்றின் தடிமன் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைவிட இரு மடங்கு உயர்ந்துவிடும். குல்மாலாவின் தேடல் அந்தக் கடுகில்தான் நடந்தது. ஏனெனில் துகள் பிறப்பது 3 நானோமீட்டரில் அல்ல, 1.5 நானோமீட்டர் அருகில். சில மூலக்கூறுகள் சேர்ந்த கொத்து அந்த அளவை எட்டும்வரை சிதறிப் போகும் வாய்ப்பே மிகுதி. அதன் பரப்பு மிகவும் வளைந்திருப்பதால் விளிம்பு மூலக்கூறுகளைப் பிடித்துவைக்க அக்கம்பக்கத்துத் துணை போதாது. அந்த அளவைத் தாண்டிவிட்டால் நிலைமை தலைகீழ், சிதறுவதைவிட வளர்வது எளிதாகிவிடும். அந்த வாசலுக்கு இப்புறம் என்ன இருக்கிறது என்பதை 1990-களின் கருவிகளால் பார்க்க முடியவில்லை.

2000-ல் குல்மாலா குழு நேச்சர் இதழில் ஒரு துணிச்சலான கருத்தை முன்வைத்தது. மிகச்சிறு கொத்துகள் காற்றில் எப்போதுமே இருக்கின்றன. அவற்றை வளர்த்துவிடும் ஆவி போதிய அளவு கிடைக்கும் நாளில்தான் நம் கருவிக்குத் தெரியும் அளவுக்கு வருகின்றன. இதைச் சோதிக்க வேண்டுமானால் 3 நானோமீட்டருக்குக் கீழே பார்க்கும் கருவி வேண்டும். கிடைக்கவில்லை, ஆகவே செய்தார்கள். எஸ்டோனியாவின் தார்த்துவில் அயனிகளை அளவுவாரியாகப் பிரிக்கும் கருவி உருவானது. ஹெல்சிங்கியில் டைஎத்திலீன் கிளைக்கால் ஆவியைப் பூசி 1 நானோமீட்டர் துகளையும் எண்ணும்படி ஒரு கருவி வந்தது. மூலக்கூறுகளை எடை போட்டு அடையாளம் காணும் நிறைமாலைமானியும் சேர்ந்தது. 2013-ல் சயன்ஸ் இதழில் முடிவு வெளிவந்தது. கொத்துகள் 1.5 நானோமீட்டர் அருகே நிலைபெறுவதையும், 2 நானோமீட்டரை நெருங்கியதும் வேகமாக வளரத் தொடங்குவதையும் காட்டிலேயே, நேரடியாக அளந்து காட்டினார்கள்.

அந்தக் கொத்தில் இருப்பது என்ன? முதல் பெயர் கந்தக அமிலம். எரிமலையும் நிலக்கரியும் கப்பல் எண்ணெயும் விடும் கந்தக டை ஆக்சைடு, வெயிலில் உண்டாகும் ஹைட்ராக்சில் என்ற துடிப்பான மூலக்கூறோடு வினைபுரிந்து கந்தக அமில ஆவியாகிறது. வெயில் ஏற ஏற அது பெருகும், அதனால்தான் துகள் பிறப்பது பகலில். ஆனால் இதன் அளவு எவ்வளவு குறைவு என்றால், சுமார் பத்து லட்சம் கோடி காற்று மூலக்கூறுகளுக்கு ஒன்று. இத்தனை அரிதான பொருள் தானாகச் சேர்ந்து கொத்தாவது நடக்காத காரியம். துணைக்கு ஆள் வேண்டும். மேலும் ஹூட்டியாலாவில் துகள் வளரும் வேகத்தில் கந்தக அமிலத்துக்கு ஒரு சிறு பங்கே இருந்தது. மீதியை வளர்த்தது யார்?

பதில் பைன் மரங்களிடமே இருந்தது. வீட்டில் கதவுக்கு வண்ணம் பூசும்போது டர்பன்டைன் வாசனையை நுகர்ந்திருப்போம். பைன் பிசினிலிருந்து வடிப்பது அது. அதன் முக்கியப் பகுதியான ஆல்ஃபா-பைனீனைப் பைன் காடு நாள் முழுக்கக் காற்றில் விட்டுக்கொண்டிருக்கிறது. காட்டு மலைகளின் மேல் படரும் நீலப் புகைமூட்டம் இத்தகைய மர ஆவிகளால் வருவது என்று ஃபிரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலாளர் 1960-லேயே எழுதினார். எப்படி என்பதுதான் தெரியவில்லை, ஏனெனில் ஆல்ஃபா-பைனீன் எளிதில் ஆவியாகும் பொருள், துகளில் தங்காது. 2014-ல் ஹெல்சிங்கியின் மிக்கேல் ஏனும் அவருடைய ஜெர்மானிய, பின்லாந்துச் சகாக்களும் விடையைக் கண்டார்கள். ஓசோன் ஒருமுறை தாக்கியதும் அந்த மூலக்கூறு தன்னைத்தானே மாற்றிக்கொள்ளத் தொடங்குகிறது. தன் உடம்பிலிருந்தே ஒரு ஹைட்ரஜனை இடம்பெயர்த்துக்கொண்டு, காற்றிலிருந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடிக்கிறது, மறுபடி ஒன்று, மறுபடி ஒன்று. சில விநாடிகளுக்குள் பத்துக் கார்பன் கொண்ட மூலக்கூறில் ஏழு, எட்டு, ஒன்பது ஆக்சிஜன் அணுக்கள் ஏறிவிடுகின்றன. அத்தனை ஆக்சிஜன் ஏறியபின் அது திரும்ப ஆவியாகாது, தொட்ட துகளில் ஒட்டிக்கொள்ளும். வேதியியல் நூல்களில் இந்த வினை எண்ணெய் கெட்டுப்போவதற்கும் எஞ்சின் எரிப்புக்கும் மட்டும் சொல்லப்பட்டு வந்தது. காற்றில் இவ்வளவு வேகமாக நடக்கும் என்று பெரும்பாலோர் எதிர்பார்க்கவில்லை.

களத்தில் அளப்பதில் ஒரு குறை உண்டு. காட்டுக் காற்றில் எல்லாம் கலந்திருக்கும், எது காரணம் எது உடன்வந்தது என்று பிரிக்க முடியாது. அதற்குத்தான் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் கிளவுட் என்ற சோதனை. ஜாஸ்பர் கிர்க்பி என்ற துகள் இயற்பியலாளர் தலைமையில் 2009-ல் ஓடத் தொடங்கியது, குல்மாலா குழுவும் அதில் உறுப்பு. 3 மீட்டர் விட்டமும் 26 கன மீட்டர் கொள்ளளவும் கொண்ட துருப்பிடிக்காத எஃகு அறை. உள்ளே விடும் காற்றைத் திரவ நைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் ஆவியாக்கிக் கலந்து செய்கிறார்கள், ஏனெனில் எந்த நகரத்துக் காற்றும் எந்த மலைக்காற்றும் அவ்வளவு தூய்மையாக இராது. காற்றில் அயனிகளை உண்டாக்கும் காஸ்மிக் கதிர் வேண்டுமென்றால் முடுக்கியிலிருந்து ஒரு கற்றையை அறைக்குள் செலுத்தலாம். வேண்டாமென்றால் மின்புலத்தால் அயனிகளைத் துடைத்து எடுத்துவிடலாம். வில்சனின் முகில் அறையைக் கடன் வாங்கிக்கொண்ட துகள் இயற்பியல் நூறாண்டு கழித்து அதை மேகத்துக்கே திருப்பித் தந்தது என்று சொல்லலாம்.

2011-ல் வந்த முதல் முடிவு ஏமாற்றத்தையும் வியப்பையும் ஒன்றாகத் தந்தது. அம்மோனியா சேர்ந்தால் கந்தக அமிலத் துகள் பிறப்பு 100 முதல் 1000 மடங்கு கூடுகிறது. ஆனால் அதுவும் தரையருகே இயற்கையில் காணும் வேகத்தை எட்டவில்லை. வேறு ஏதோ ஆவி துணை புரிகிறது என்பது உறுதியாயிற்று. 2013-ல் டைமெத்தில் அமீன் என்ற காரப்பொருள் மிகச் சிறிதளவிலேயே அந்த வேலையைச் செய்வதைக் கண்டார்கள். மாசு நிறைந்த பெருநகரங்களில் புதுத் துகள்கள் பிறப்பது நெடுநாள் புதிராக இருந்தது. ஏற்கெனவே மிதக்கும் தூசு, பிறக்கும் கொத்துகளை உடனே விழுங்கிவிட வேண்டும் என்றுதான் கணக்கு சொல்லும். 2018-ல் ஷாங்காய் நகரக் காற்றில் கந்தக அமிலமும் டைமெத்தில் அமீனும் கூடித் துகளாவதை அளந்தபோது அந்தப் புதிரின் ஒரு முடிச்சு அவிழ்ந்தது.

காஸ்மிக் கதிர்களின் ஏற்ற இறக்கமே மேகத்தை ஆட்டுவித்துப் பருவநிலையை மாற்றுகிறது என்ற வாதத்தைச் சோதிப்பதும் கிளவுடின் நோக்கங்களில் ஒன்று. அயனிகள் துகள் பிறப்புக்கு உதவுவது உண்மைதான். ஆனால் சூரியச் சுழற்சியோடு கதிர்கள் கூடிக் குறைவதால் இன்றைய மேக விதைகளின் எண்ணிக்கை குறிப்பிடும்படி மாறுவதில்லை என்று 2016-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். புவி சூடாவதற்குச் சூரியன்மேல் பழிபோடுவோர் இதைப் படிக்க வேண்டும்.

அதே 2016-ல் வந்த இன்னொரு முடிவுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரியது. அறைக்குள் கந்தக அமிலம் அறவே இல்லாமல், ஆல்ஃபா-பைனீன் ஆவி மட்டும் ஓசோனோடு சேர்ந்து துகளைப் பெற்றெடுத்தது. மரத்தின் மணம் மட்டுமே போதும். அதுவரை துகள் பிறக்கக் கந்தக அமிலம் கட்டாயம் என்றே கொண்டிருந்தார்கள்.

இதில் என்ன பெரிது என்றால், தொழிற்புரட்சிக்கு முந்தைய வானத்தைப் பற்றிய நம் எண்ணமே இதனால் மாறுகிறது. ஒரு மேகத்தில் உள்ள நீர் மாறாமல் விதைகள் மட்டும் கூடினால், அதே நீர் மேலும் பல சிறு திவலைகளாகப் பிரியும். மேகம் வெளுப்பாகத் தெரியும், வெயிலை அதிகம் திருப்பி அனுப்பும். ஷான் ட்வூமி 1970-களில் விளக்கியது இது. மனிதர் எழுப்பிய கந்தகப் புகை இப்படி மேகங்களை வெளுக்கச் செய்து, கரியமில வாயு தரும் சூட்டின் ஒரு பகுதியை மறைத்து வைத்திருக்கிறது. எவ்வளவு மறைத்திருக்கிறது? அரசுகளுக்கிடையிலான பருவநிலை மாற்றக் குழுவின் 2021 அறிக்கைப்படி, 1750-க்குப் பிறகு கரியமில வாயுவால் கூடிய வெப்ப அழுத்தம் சதுர மீட்டருக்கு 2.16 வாட். நுண்துகள்கள் குறைத்தது 1.1 வாட், ஆனால் அது 0.4 ஆகவும் இருக்கலாம், 1.7 ஆகவும் இருக்கலாம். நான்கு மடங்கு இடைவெளி! பருவநிலையை மாற்றும் காரணிகளின் கணக்கில் இத்தனை பெரிய ஐயம் வேறெங்கும் இல்லை. இந்த ஐயத்துக்குப் பெருங்காரணம், புகைக்கு முந்தைய வானில் எத்தனை விதைகள் இருந்தன என்பது தெரியாமை. பழைய வானம் வெறிச்சென்று இருந்தது என்று கொண்டால் நம் புகையின் விளைவு பெரிது. காடுகளே அதை விதைகளால் நிரப்பி வைத்திருந்தன என்றால் விளைவு சிறிது. மர ஆவித் துகள்களைக் கணக்கில் சேர்த்தபோது, மேகத்தை வெளுப்பாக்கியதில் மனிதப் புகையின் பங்கு 27 சதவீதம் குறைந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் குளிர்நாட்டுக் காடு. வெப்பமண்டலம் வேறு விதம். அமேசான் காட்டில் தரையருகே புதுத் துகள் பிறப்பதே இல்லை எனலாம். ஆனால் மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில் துகள்கள் கொட்டிக் கிடக்கின்றன. 2024 டிசம்பரில் வந்த ஆய்வுகள் காரணத்தைச் சொல்லின. அகன்ற இலை மரங்கள் வெளியிடும் ஐசோப்ரீன் ஆவியை இரவு இடிமேகங்கள் உறிஞ்சி மேலே கொண்டுபோகின்றன. விடிந்ததும் வெயிலும், மின்னல் உண்டாக்கிய நைட்ரஜன் ஆக்சைடுகளும் அதன்மேல் வேலை செய்ய, உறையும் குளிரில் துகள்கள் பெருவாரியாகப் பிறக்கின்றன. நமக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு. வயல்களிலும் மாட்டுத் தொழுவங்களிலும் கிளம்பும் அம்மோனியாவை ஆசியப் பருவமழை மேகங்கள் உயரே தூக்கிச் செல்கின்றன. அங்கே நைட்ரிக் அமிலம், கந்தக அமிலம், அம்மோனியா மூன்றும் சேர்ந்தால், தனித்தனியே எதனாலும் முடியாத வேகத்தில் துகள்கள் உண்டாகும் என்று 2022-ல் கிளவுட் அறை காட்டியது. உரம் இடும் நம் வயலுக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மேலே உருவாகும் மேக விதைக்கும் தொடர்பு இருக்கிறது.

இந்தியாவில் இதை அளக்கும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. உத்தராகண்டின் முக்தேஷ்வரில் பின்லாந்து வானிலை நிறுவனத்தோடு சேர்ந்து 2005 முதல் அளவீடுகள் நடந்தன. திருப்பதி அருகே கடங்கியில் நடந்த ஆய்வு, அங்கே புதுத் துகள் பிறப்பு அரிதாகவே நிகழ்கிறது என்று 2014-ல் தெரிவித்தது. ஏன் அரிது, பருவமழைக்கு ஏற்ப எப்படி மாறுகிறது, மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளின் ஆவி என்ன செய்கிறது என்பதற்கெல்லாம் ஓரிரு ஆண்டு அளவீடு பதில் தராது. ஹூட்டியாலா தந்த பாடம் அதுதான். மூலக்கூறு ஒன்றின் விநாடி நேர வினையைக் கண்டுபிடிக்க, ஒரே காட்டில் பல ஆண்டுகள் கருவியை அணைக்காமல் வைத்திருக்க வேண்டியிருந்தது. 2018-ல் குல்மாலா நேச்சர் இதழில் எழுதிய வேண்டுகோளும் இதுவே. உலகெங்கும் ஆயிரம் நிலையங்களாவது வேண்டும், ஒவ்வொன்றும் காற்றையும் மண்ணையும் மரத்தையும் ஒருங்கே, இடைவிடாமல் அளக்க வேண்டும் என்றார்.

அப்படிப்பட்ட பொறுமை நமக்குப் புதிதல்ல. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியனைப் படம்பிடித்துவருகிறது. நூறாண்டைத் தாண்டிய அந்தப் பதிவை உலகமே பயன்படுத்துகிறது. அதே மலையில், ஏதேனும் ஒரு சோலையின் நடுவே, காற்றை அளக்கும் ஒரு நிலையத்தை எழுப்பி முப்பது ஆண்டுகளுக்காவது நிதியை நிறுத்தாமல் தருவோம் என்று அரசும் பல்கலைக்கழகங்களும் முன்வர வேண்டும். நம் மழையை வளர்க்கும் விதை எங்கே பிறக்கிறது என்பதை நாமே அளந்து அறிய அதைவிட நேரான வழி இல்லை.